அடுத்தவர் லைப்ரரியும் என் தலையும்

எங்கள் தொழிலில் கோளாறு செய்வது ஊர் பேர் தெரியாத ஒருத்தர் எழுதிய ஃபைல். அதற்குத் திட்டு வாங்குவது அந்த ஃபைலைக் கூப்பிட்டவள்.

கூப்பிட்டவள் நான்தான். பெயர் மாரீஸ்வரி. சிவகாசியில் ஒரு டீக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டே மேசை. ஒன்றில் உட்கார்ந்து நான் புரோகிராம் எழுதுகிறேன். இன்னொன்று சண்முகம் அண்ணனுடையது. தராசு, ஸ்டிக்கர் பிரிண்டர், சென்சார் என்று மெஷின்களைக் கொண்டுபோய் கம்பெனிகளில் பொருத்துவது அவர் வேலை. பொருத்திய மெஷினைப் பேச வைப்பது என் வேலை.

நான் எழுதுவது ஸ்கிரிப்ட் மொழியில். இன்டர்பிரட்டர் என்று ஒரு புரோகிராம் என் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, படித்த கையோடு செய்து முடிக்கும். அதற்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், தராசோடு பேசத் தெரியாது. அதற்கென்று தராசு செய்த கம்பெனிக்காரர்கள் ஒரு ஃபைல் கொடுப்பார்கள். அதுதான் லைப்ரரி. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டர்பிரட்டர் அந்த ஃபைலைத் தேடிப் பிடித்து, உள்ளே ஏற்றி, அதற்குள் வேலைக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிற ஃபங்க்‌ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எடை எவ்வளவு?" என்று கேட்கும். இவ்வளவுதான் விஷயம். இதே வேலையில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். தெரியும். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து அழுவதற்காக நான் இதை எழுதவில்லை.

கண் முன்னால் காணவில்லை

தினசரி காலண்டர் அடிக்கிற ஒரு அச்சாபீஸ். சீசன் சூடு பிடித்த நேரம் பார்த்து, தாள் எண்ணும் மெஷினுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். என் புரோகிராமை ஏற்றி ஓடவிட்டேன். 'லைப்ரரி கிடைக்கவில்லை' என்று வந்தது. ஃபோல்டரைத் திறந்தால் லைப்ரரி அங்கேயே இருக்கிறது. மறுபடி ஓடவிட்டேன். கிடைக்கவில்லை. முதலாளியின் மைத்துனர் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். "இந்தா கிடக்குல்ல? படிச்ச பிள்ளைன்னாக, கண்ணு சரியாத் தெரியாதோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வேற ஆளக் கூப்பிடுவமா?" என்று அவர் சண்முகம் அண்ணனிடம் கேட்டபோது, "யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த லைப்ரரி தன் வேலைக்கு வேறு யாரைக் கூப்பிடுகிறது என்று உள்ளே நோண்டிப் பார்த்தேன். அது இன்னொரு லைப்ரரியை நம்பி எழுதப்பட்டது. பழைய கம்ப்யூட்டரில் அந்த இரண்டாவது லைப்ரரி இருந்தது, புதியதில் இல்லை. இல்லாதவன் பெயரைச் சொல்லாமல், இருக்கிறவனைக் காணோம் என்று சொல்லியிருக்கிறது கம்ப்யூட்டர். அந்த ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்ததும் மெஷின் கடகடவென்று எண்ண ஆரம்பித்துவிட்டது. மைத்துனர் எப்போது நகர்ந்தார் என்று தெரியவில்லை. நடந்ததைக் கேட்ட போர்மேன் தங்கராசு அண்ணாச்சி மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப, மாப்பிள்ளைத் தோழன் வரலைங்கிறதுக்கு மாப்பிள்ளையே வரலைன்னு மண்டபத்து மைக்குல சொல்லியிருக்கு உங்க கம்ப்யூட்டரு!"

எந்தத் தெரு?

விருதுநகரில் ஒரு கொத்தமல்லி கோடவுன். முதலாளிக்கு மல்லாங்கிணறு பக்கம் நிலபுலன் நிறைய. தராசு பழையது, கம்ப்யூட்டர் புதியது. நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்டது தராசைப் பற்றி இல்லை. "எந்த ஊரும்மா நீ?" என்றார். நாரணாபுரம் என்றேன். "அங்கன எந்தத் தெரு? யாரு வீட்டுப் பிள்ள?" அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. "தராசுக்கு அது தேவைப்படாதுங்க" என்றேன். சண்முகம் அண்ணன் தரையைப் பார்த்தார்.

பழைய தராசின் லைப்ரரி 32 பிட் என்கிற பழைய அளவில் செய்தது. புதுக் கம்ப்யூட்டரில் என் இன்டர்பிரட்டர் 64 பிட் என்கிற புது அளவு. ஒன்றுக்குள் ஒன்று ஏறவே ஏறாது. 'இது சரியான ஃபைலே இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். தராசு செய்த கம்பெனியையும் மூடிவிட்டார்கள், புது ஃபைல் கேட்க ஆள் இல்லை. முதலாளி சென்னையில் யாரோ ஒரு நிபுணருக்குப் போன் போட்டார். அவர் ஸ்பீக்கரில், தராசைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாமே புதிதாக வாங்குங்கள் என்றார். நன்றாக எடை போடுகிற தராசை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? பழைய 32 பிட் இன்டர்பிரட்டர் ஒன்றைத் தனியாகப் போட்டேன். அது பழைய லைப்ரரியை ஏற்றித் தராசிடம் எடையைக் கேட்கும். கேட்டதைப் பக்கத்தில் ஓடும் புது இன்டர்பிரட்டரிடம் சொல்லும். அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் மூட்டையின் எடை திரையில் வந்துவிட்டது. முதலாளி தானே பக்கத்தில் நின்று, ஐந்து மூட்டையைத் தூக்கி வைக்கச் சொல்லிச் சரிபார்த்தார். அதுவரை என்னை 'நீ' என்று பேசியவர், கிளம்பும்போது சொன்னார்: "வேலை சுத்தமாத்தான் இருக்கு, வாய்தான் உங்களுக்குக் கொஞ்சம் நீளம்."

சொல்லாமல் கொள்ளாமல்

இது என் தப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்கு ஸ்டிக்கர் அடிக்கிற புரோகிராம். நான் எழுதிய வரியில் தப்பு இருந்தால் இன்டர்பிரட்டர் நாகரிகமாக, இத்தனையாவது வரி, இன்ன தப்பு என்று சொல்லும். லைப்ரரிக்குள் போய்த் தப்பு நடந்தால் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. லைப்ரரி விழும்போது இன்டர்பிரட்டரையும் இழுத்துக்கொண்டு விழும். திரையில் ஒரு வார்த்தை இருக்காது. பேக்கிங் பார்க்கிற ஜெயா அக்கா முன்னால்தான் அது நடந்தது. லோடு லாரி வாசலில் நிற்கிறது. "இங்கனதான இருந்துச்சு? எங்க போச்சு?" என்று திரையைத் தட்டினார். லைப்ரரி எதிர்பார்த்தது ஒன்று, நான் அனுப்பியது வேறொன்று. "என் தப்புதான்க்கா, பத்து நிமிஷம் கொடுங்க" என்றேன். திருத்தியதும் ஸ்டிக்கர் ஓடியது. ஜெயா அக்கா ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரரும் கோவம் வந்தா சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிருவாரு, ஆனா சோத்து நேரத்துக்குத் தானா வந்துருவாரு, உன் புரோகிராமு அப்படிக்கூடத் திரும்பி வரலையே."

ஒரே ஒரு எழுத்து

தனலட்சுமி அக்கா சின்னதாக லேபிள் அச்சடிக்கும் யூனிட் வைத்திருக்கிறார். பிரிண்டர் கம்பெனிக்காரர்கள் புது லைப்ரரி அனுப்பினார்கள். அதைப் போட்டதும் 'அப்படி ஒரு ஃபங்க்‌ஷனே இல்லை' என்று வந்தது. பார்த்தால், பெயரில் ஒரு சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். இன்டர்பிரட்டர் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்கும். ஒன்று மாறினாலும் அது வேறு ஆள். கம்பெனிக்குப் போன் போட்டேன். "அதே ஃபங்க்‌ஷன்தான் மேடம், பேரை மட்டும் கொஞ்சம் அழகா மாத்தியிருக்கோம். நீங்க உங்க புரோகிராமை மாத்திக்கங்க. வேற யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே?" என்றார் அங்கே இருந்தவர். என் புரோகிராமில் மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் இந்தப் பக்கம் பதினேழு கம்பெனியில் அது ஓடுகிறது. அடுத்த தடவை அவருக்கு இன்னொரு எழுத்து அழகாகத் தோன்றினால்? "நான் மாத்த மாட்டேன். பழைய பேரும் உள்ள இருக்கிற மாதிரி நீங்கதான் அனுப்பணும்" என்றேன். மூன்று நாள், தினமும் காலையில் ஒரு போன். அதுவரை பழைய லைப்ரரியைப் போட்டு வேலையை ஓட்டினோம். நாலாம் நாள் இரண்டு பெயரும் உள்ள ஃபைல் வந்தது. தனலட்சுமி அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆதார்ல தனலட்சுமி, ரேசன் கார்டுல தனலெட்சுமி, ரெண்டும் நாந்தான்னு சொல்லி தாலுகா ஆபீஸ்ல நான் ஏறாத படியில்ல, உங்க மெஷினு அந்த ஆபீசருக்குக் கூடப்பொறந்ததுதான்."

நாலு அறை, ஒரே சூடு

இது சிரிப்பதற்கு இல்லை.

நாரணாபுரம் பக்கம் பட்டாசு செய்கிற ஒரு வெடி ஆபீஸ். வெடிமருந்து கையாளும் நாலு அறைகளிலும் சூட்டை அளக்க சண்முகம் அண்ணன் சென்சார் வைத்தார். அறைக்குள் இருப்பது அளக்கிற முனை மட்டும். பெட்டியெல்லாம் தள்ளி, ஆபீஸ் அறையில். என் புரோகிராம் சென்சார் கம்பெனியின் லைப்ரரியை ஏற்றி, நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு அறையின் சூட்டையும் கேட்கும். அளவு தாண்டினால் சைரன், அதாவது எங்கள் ஊர்ச் சங்கு, ஊதும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சித்திரை வந்ததும் சங்கு ஏறக்குறைய தினமும் ஊதியது. மேனேஜர் தினமும் போன் போட்டார். "இங்கன உங்க சங்கு மட்டுந்தான் வேலை பாக்குது. அளவைக் கொஞ்சம் ஏத்தி வைங்க" என்பார். மாட்டேன் என்பேன். பிறகு திடீரென்று போன் நின்றுவிட்டது. மனுஷன் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள் மதியம், அங்கே பிரிண்டர் ரிப்பேர் என்று நானும் அண்ணனும் போனோம். குழாயடியில் பேச்சியம்மாள் அக்கா கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீஸில் பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் மூத்தவர் அவர். "ஏம்மா மாரி, சங்கு ரிப்பேரா? பத்து நாளா ஊதவே இல்ல. உள்ள உக்கார முடியல, அம்புட்டு வெக்கை" என்றார். நேரே ஆபீஸ் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். முதல் அறை 33.2 டிகிரி. இரண்டாவது 33.2. மூன்றும் நாலும் அதே. மேற்கு வெயில் முழுக்க வாங்குகிற அறைக்கும், மரத்தடியில் இருக்கிற அறைக்கும் ஒரே சூடு. ஐந்து நிமிஷம் நின்று பார்த்தேன். ஒரு புள்ளிகூட அசையவில்லை.

என் புரோகிராமைத் திறந்தேன். ஒரு வரிகூட மாறவில்லை. பிறகு, இந்த லைப்ரரியை எந்த ஃபோல்டரிலிருந்து ஏற்றினாய் என்று இன்டர்பிரட்டரிடமே கேட்டேன். சென்சார் கம்பெனியின் ஃபோல்டரைச் சொல்லியிருக்க வேண்டும். அது என் புரோகிராம் இருக்கிற ஃபோல்டரைச் சொன்னது. அங்கே நான் எந்த லைப்ரரியும் வைக்கவில்லை. யாரோ வைத்திருக்கிறார்கள். அதே பெயர். உள்ளே அதே பெயரில் ஃபங்க்‌ஷன்கள். எந்த அறையைக் கேட்டாலும் 33.2 என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. லைப்ரரியின் பெயரை மட்டும் சொன்னால் இன்டர்பிரட்டர் முதலில் தன் பக்கத்தில்தான் தேடும். முழு முகவரியையும் நான் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. பத்து நாளாக என் புரோகிராம் ஒழுங்காகக் கேள்வி கேட்டிருக்கிறது, பொய்யைப் பதிலாக வாங்கிக் கொண்டுவந்து திரையில் காட்டியிருக்கிறது. சங்கு ஊதவில்லை என்று அந்தப் பதினான்கு பேரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

புரோகிராமை நிறுத்தி, அந்தக் கள்ள ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். உண்மையான லைப்ரரி ஏறியது. முதல் அறை 41.6. அடுத்த நொடி சங்கு ஊதியது. அறைகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேனேஜர் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு சங்கு ஊதவிட்டீக?"

"வெயிலக் கேட்டுங்க."

"வெளையாடுறீகளா? இங்கன ஆர்டரு கழுத்த நெரிக்குது."

"இந்த ஃபைல யார் வச்சது சார்?"

"எனக்கென்ன தெரியும்? அதுவா அப்டேட் ஆயிருக்கும்."

"தானா அப்டேட் ஆன ஃபைல் நாலு ரூமுக்கும் ஒரே சூடு சொல்லாது."

அவர் வாட்ச்மேன் பக்கம் திரும்பி, "ஏலே, அந்தச் சங்க அமத்துலே!" என்று கத்தினார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இந்த வட்டாரத்துல ஒரு ஆபீஸுலயும் நீங்க காலெடுத்து வைக்க முடியாது, பாத்துக்கங்க" என்றார். சண்முகம் அண்ணன் என் கையைப் பிடித்தார். "மாரி, விட்டுரும்மா. பெரிய இடம்." அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடவும் முடியவில்லை. வெளியே போய், வெயிலில் நின்ற பெண்களிடம் சொன்னேன்: "அக்கா, பத்து நாளா சங்கு ரிப்பேர் இல்ல. உள்ள ஒரு கள்ள ஃபைல வச்சு வாயடைச்சிருக்காக. திரையில காட்டுன 33 பொய்யி. இப்ப உள்ள 41." பேச்சியம்மாள் அக்கா கேனைக் கீழே வைத்தார். சுவரில் தொங்கிய சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே பதின்மூன்று பேரும் நடந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் திரும்பவில்லை.

மறுநாள் காலை எங்களை நிறுத்திவிட்டதாகப் போன் வந்தது. அண்ணன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு பேரும் வேலைக்குப் போகவில்லை. சங்கு நிஜமாக ஊத வேண்டும், திரை தங்களுக்கும் தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் முதலாளியே கூப்பிட்டார். போனேன். இந்தத் தடவை லைப்ரரியின் முழு முகவரியையும் எழுதினேன். ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஃபைலுக்கு ஒரு சோதனையும் வைத்தேன்: கைரேகை பார்க்கிற மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் புரோகிராம் ஓடாது, சங்குதான் ஊதும். "தானாக் கெட்டுப்போனாலும் ஊதுமா?" என்று மேனேஜர் கேட்டார். "ஊதும்" என்றேன். கம்ப்யூட்டர் திரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். பேச்சியம்மாள் அக்கா வெளியே நின்று நாலு எண்ணையும் சத்தமாக வாசித்தார். நாலும் வேறு வேறு. வாசித்துவிட்டு, மேனேஜர் காதில் விழும்படியே சொன்னார்: "கம்ப்யூட்டருக்குள்ள இருந்த கள்ளன எடுத்துட்டே மாரி, வெளிய நிக்கிறவர என்ன செய்யப் போறே?"

அந்த மாடல்

இதெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வேறு ஒரு கம்பெனியிலிருந்து அண்ணனுக்குப் போன். சத்தம் எனக்கே கேட்டது. ஒரு அளவுக்கு மேல் சூடு காட்டாத மாதிரி சென்சார் இருக்கிறதா, பெரிய ஆர்டர் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் நீளம் என்றுதான் ஊருக்கே தெரியுமே, அண்ணன் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று கிளாஸைப் பார்த்தபடி இருந்தேன். அவர் ஒரு வாய் டீயை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அந்த மாடல் எங்ககிட்ட வராதுங்க, அதுக்கு மேல கேட்டீகன்னா, இங்கன ஒரு பிள்ள இருக்கு, அது உங்க வீட்டு வாசலுக்கே வந்து சங்க ஊதிரும்."

அடுத்தவர் எழுதியதை ஏற்றாமல் இந்தத் தொழிலை ஒருநாளும் ஓட்ட முடியாது. ஆனால் அடுத்தவர் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வைக்கிற லைப்ரரியை மட்டும் எனக்குள் ஏற்றுவதற்கு இன்னும் ஒருத்தருக்கும் வழி கிடைக்கவில்லை.